முதல் பரிசு பெற்ற நாற்காலி

இந்நகரத்தின் கலை ஆர்வலர்களுக்கும், கலை ஆர்வம் ஏதும் இல்லாமலேயே நிம்மதியாக வாழ்ந்துவரும் ஏனையோருக்கும், ஒளிப்பட ரசிகர் மன்றம் ஆழ்ந்த பெருமிதத்தோடு அறிவித்தது என்னவென்றால்: மானுட நேயப் பிரிவில் இவ்வாண்டின் முதல் பரிசு 'அவள் அமர்ந்திருந்த நாற்காலி' என்னும் படத்துக்கு வழங்கப்படுகிறது. மனைவியைப் பறிகொடுத்த ஓர் எளிய தொழிலாளியின் மௌனம் இனி காலத்தால் அழியாது.

அறிவிப்பு வெளியான அந்த நேரத்தில், பறிகொடுக்கப்பட்ட மனைவி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே முயற்சியில் கோத்தும் விட்டாள். அந்த வயதில் கண்ணாடி போடாமல் நூல் கோக்கிறவளை இறந்துபோனவள் என்று சொல்வதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும். கலைஞர்களுக்கு அது இருக்கிறது.

தெருவில் அவளுக்குக் கவர்க்காரம்மா என்று பெயர். புருஷன் சோபாக்காரர். உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகிப்போன சோபா, நாற்காலி எது வந்தாலும் அவர் தோலை உரித்து, மக்கிப்போன பஞ்சைப் பிடுங்கிப் போட்டு, ஆடுகிற சட்டத்தை இறுக்கி, அடியில் சணல் பட்டையை இழுத்துக் கட்டி, ஸ்பிரிங் வைத்து, மேலே புதுப் பஞ்சைப் பரப்புவார். அதற்கு மேல் போகிற உறையை அளந்து வெட்டித் தைப்பது அவள் வேலை. முன்னறை பட்டறை, பின்னறை வீடு, இரண்டுக்கும் நடுவில் மிஷின். அங்கே உட்கார்ந்தபடியே அவள் ஒரு கண்ணால் அடுப்பையும் இன்னொரு கண்ணால் புருஷனையும் பார்த்துக்கொள்வாள். இரண்டில் அதிகம் பொங்குவது அடுப்புதான். புருஷன் பொங்கி அவள் பார்த்ததில்லை.

அதற்குத் தொழில்ரீதியான ஒரு காரணம் இருந்தது. சோபாக்காரர் ஒரு கை சின்ன ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். நாக்கு ஒவ்வொரு ஆணியாகத் திருப்பி உதட்டுக்குத் தள்ளும், விரல் வாங்கும், சுத்தியல் இறங்கும். வாய் நிறைய ஆணி வைத்திருக்கிற மனிதர் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. வருகிறவர்கள் கேட்பார்கள், அவர் தலையாட்டுவார். "நாளைக்கே வேணுமே?" தலையாட்டல். "பழைய பஞ்சயே போட்டுப் புதுசு மாதிரி ஆக்கிரலாம்ல?" தலையாட்டல். பக்கவாட்டில் ஆட்டினால் முடியாது என்று அர்த்தமாகும், உண்மைதான். ஆனால் ஏன் முடியாது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு வாய் வேண்டும். ஆகவே மேலும் கீழும் ஆட்டியே பழகிவிட்டார். வேலை இல்லாத நேரத்திலும், வாய் காலியாக இருக்கும்போதும், தலை தன் வழக்கத்தை விடவில்லை.

"ஆணிய எடுத்துட்டுப் பேசுங்க" என்பது அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பல முறை கேட்கிற வாக்கியம். பெரும்பாலும் வாயில் ஆணி இருக்காது.

ஒளிப்பட ரசிகர் மன்றம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிலரங்கு நடத்தும். 'எளியோர் வாழ்வியல்' என்று தலைப்பு. கழுத்தில் கேமராவும், எக்கச்சக்கமாகப் பை வைத்த மேல்சட்டையுமாக ஒரு கூட்டம் தெருவுக்குள் நுழையும். முன்னால் மன்றத் தலைவர் வருவார். அவருடைய சட்டையில்தான் பைகள் அதிகம். அத்தனை பைகளையும் தேடி ஒரு இருமல் மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வறுமையை நேராப் பார்க்காதீங்க, பக்கவாட்டு வெளிச்சத்துல பாருங்க" என்பார்.

தெருக்காரர்களும் தேறிவிட்டார்கள். டீக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீயைக் கையை உயரத் தூக்கி ஆற்றுவார், ஆவி நிறைய வரும்படி. பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிவிட்டு அடிவானத்தைப் பார்ப்பார். அந்தத் தெருவில் அடிவானம் கிடையாது. எதிரே ஒரு வங்கிதான் இருக்கிறது. ஆனாலும் படத்தில் ஏக்கம் நன்றாக வந்திருந்ததாகச் சொன்னார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் இருக்கிறவர்களிடமே பேசிப் பேசி வாழ்ந்தவர். அதனால் தன் கருத்துக்கு மறுகருத்து என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. ஒரு மாதத்துக்கு முன்பு தன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கிற நாற்காலிகளில் ஒன்றை அவர் சோபாக்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் உட்கார்ந்தவர்கள் ஓயாமல் நெளிகிறார்கள், ஸ்பிரிங் போயிருக்கும் என்பது டாக்டரின் கணிப்பு.

பயிலரங்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மிஷினின் தோல் பட்டை அறுந்துபோனதால், கவர்க்காரம்மா கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சோபாக்காரர் எதிரே தரையில், வாய் நிறைய ஆணியோடு. மழை விட்ட நேரம். வாசல் வழியாகச் சாய்ந்து வந்த மஞ்சள் வெயிலில் பஞ்சுத் தூசி மினுமினுத்தது. டாக்டர் வாசலில் வந்து நின்றார். நின்றவர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, கொஞ்சம் எந்திரிச்சுக்குங்க. வெளிச்சம் பிரமாதமா இருக்கு."

அவள் எழுந்தாள். டீ தம்ளரோடு கதவுக்குப் பின்னால் போய் ஒதுங்கி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி. உங்க நிழல் விழுது."

நிழலையும் இழுத்துக்கொண்டாள். சோபாக்காரர் யாரும் சொல்லாமலேயே அந்தக் காலி நாற்காலியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் சுருங்கி, கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டு, இமைகூடத் தட்டாமல் பார்த்தார். "அப்படியே! ஆஹா! அப்படியே இருங்க!" என்று டாக்டர் மண்டிபோட்டுச் சுட்டுத் தள்ளினார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் நம்மை இப்படி ஒரு பார்வை பார்த்ததில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. டீ ஆறிவிட்டது. அதைக் குடித்துவிட்டு, மறந்தும்விட்டாள்.

பரிசளிப்புக்குச் சோபாக்காரர் மட்டும் போனார். மன்றத்து அரங்கின் முன்வரிசை நாற்காலிகளுக்குப் புது உறை தைக்கச் சொல்லியிருந்தார்கள். கண்காட்சி ஒரு வாரம், நிறைவு விழாவுக்குள் உறை மாட்டியாக வேண்டும். அந்த வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. போனவர் ஒரு சான்றிதழும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் கொண்டுவந்தார். மறுநாள் காலையில் ஒரு வண்டி வந்து பல் டாக்டரின் நாற்காலியைப் பிரித்தது பிரித்தபடி ஏற்றிக்கொண்டு போயிற்று.

"வேலையே முடியல, எதுக்குத் தூக்கிட்டுப் போறாங்க?" என்று கேட்டாள்.

"படத்துக்குக் கீழ வைப்பாங்களாம்."

"எதுக்கு?"

அவர் அவசரமாக ஒரு கை ஆணியை வாயில் போட்டுக்கொண்டார்.

செய்தித்தாளில் படம் வந்த அன்றைக்கு மத்தியானம், தெருமுனையிலிருந்தே ஒரு அழுகை கிளம்பி வந்தது.

"அய்யோ அண்ணே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே அண்ணே! கடைசியா மொகத்தக்கூடப் பாக்க விடலயே!"

சோபாக்காரரின் தங்கை. தன் வீட்டுச் சோபாவுக்குப் பச்சை கேட்டால் பாசி நிறத்தில் தைத்துவிட்டாள் என்று அண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டு, சில வருஷங்களாகப் படியேறாதவள். இப்போது பஸ் மாறி பஸ் ஏறி, அழுகையைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்திருந்தாள். கவர்க்காரம்மா கையில் கத்திரிக்கோலோடு வாசலுக்கு வந்தாள்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?"

நாத்தனாரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"அண்ணி... நீங்க... இருக்கீங்களா?"

"இருக்கேனே. உள்ள வாங்க. யாரு போனது?"

"நீங்கதான்."

வந்த அழுகையை என்ன செய்வது என்று நாத்தனாருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது, அதை மூக்கைச் சிந்தி மறைத்துக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து நீட்டினாள். கவர்க்காரம்மா அதை மிஷின்மேல் விரித்து, துணி அளக்கிற மாதிரி விரலால் தடவித் தடவிப் படித்தாள். படம் அழகாகத்தான் இருந்தது. தன் வீட்டு முன்னறை அவ்வளவு அழகு என்பது அவளுக்கே புதிது. மஞ்சள் வெயில். காலி நாற்காலி. அதைப் பார்த்து உருகுகிற புருஷன். கீழே இரண்டு வரியில் அவளுடைய சாவு. கதவோரத்தில் உற்றுப் பார்த்தால் ஒரு டீ தம்ளரின் விளிம்பு தெரிந்தது. அவளில் மிச்சம் அவ்வளவுதான்.

"இங்க வாங்க" என்றாள்.

சோபாக்காரர் வந்தார். கன்னம் உப்பியிருந்தது.

"ஆணிய எடுத்துட்டுப் பேசுங்க."

இந்தத் தடவை நிஜமாகவே ஆணி இருந்தது. ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார். அவ்வளவு நிதானமாக மனுஷன் ஆணி துப்பி யாரும் பார்த்திருக்க முடியாது. கடைசி ஆணியும் வந்து, வேறு வழியில்லாமல் போனபோது சொன்னார்: "அது சும்மா ஒரு கற்பனைன்னு டாக்டர் சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"மேடைக்கு ஏத்தும்போது."

"மேடையில என்ன நடந்துச்சு?"

"மைக்ல ஒருத்தர் கேட்டாரு. அவங்க போனதுக்கப்புறம் எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் உள்ளங்கையிலிருந்த ஆணிகளைப் பார்த்தார். திரும்பப் போட்டுக்கொண்டால் தேவலை என்று இருந்திருக்கும்.

"பழகிருச்சுன்னு சொன்னேன்."

நாத்தனார்தான் முதலில் பேசினாள். "என்னண்ணே இது! கஷ்டமா இருக்குன்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

"முன்னாடி வரிசையில நாலஞ்சு பேரு அழுதுட்டாங்கம்மா. அழுவுறவங்களப் பாத்து, இல்லீங்க, வீட்ல உக்காந்து கவர் தச்சுக்கிட்டிருக்கான்னு எப்படிச் சொல்றது? அவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிராது?"

கவர்க்காரம்மா செய்தித்தாளை நான்காக மடித்தாள். மிஷினின் மேல் பாதி தைத்துக் கிடந்த அரங்கத்து உறையைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள். மிஷினுக்கு மூடியைப் போட்டாள். அந்த மூடி போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, அதைத் தேடி எடுப்பதற்கே கட்டிலுக்கு அடியில் படுக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவள் இறந்துபோனவளாக இருந்தாள். தனக்கு மட்டும் சோறு வைத்துக்கொண்டாள். அவர் அடுப்படியை எட்டிப் பார்த்தபோது, "ஆவிக்கும் பசிக்கும். உயிரோட இருக்கிறவங்க கடையில வாங்கிச் சாப்பிடலாம்" என்றாள். அவர் ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கிவந்து, பஞ்சு மூட்டையின் மேல் உட்கார்ந்து தின்றார். யாராவது வந்து "கவர் ரெடியாம்மா?" என்று கேட்டால், சுவரில் ஒட்டி வைத்திருந்த செய்தித்தாளைக் காட்டினாள். வந்தவர்கள் படித்துவிட்டு அவளைப் பார்ப்பார்கள். மறுபடி படிப்பார்கள். அச்சில் இருப்பதை நம்புவதா கண்ணில் தெரிவதை நம்புவதா என்று ஒரு கணம் திகைத்து, பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று சோபாக்காரரிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

மழை திரும்பப் பிடித்துக்கொண்டது. தூறலில் பஞ்சு பதம் போய்விடும், முன்கதவைச் சாத்தித்தான் வேலை செய்ய வேண்டும். சாத்திய அறைக்குள் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. மிஷின் சத்தம் இல்லாமல் சுத்தியல் தாளம் தவறித் தவறி விழுந்தது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டு அவரே வந்து நின்றார். வாய் காலி.

"ஒரு பேப்பர்ல போட்டுட்டா நீ செத்துருவியா? எதுக்கு இதப் பெருசு பண்ற?"

"செத்ததாப் போட்டதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஊர்ல பேப்பர் படிக்கிறவங்க எத்தன பேரு." அவள் வாசலைப் பார்த்தபடி பேசினாள். "எந்திரிச்சுக்கங்கன்னாரு, எந்திரிச்சேன். தள்ளுங்கன்னாரு, தள்ளுனேன். என் நிழலக்கூட எடுத்துக்கிட்டுப் போயி நின்னேன். எதுக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க அங்கதான உக்காந்திருந்தீங்க? ஏன் எந்திரிக்கணும், அவளும் இருக்கட்டுமேன்னு ஒரு வார்த்த வரலயே உங்க வாயில?"

அவர் தலையாட்டினார். அதற்குத் தலையாட்டக் கூடாது என்பது ஆட்டி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

நிறைவு விழா நெருங்கியது. உறை வரவில்லை. மன்றத் தலைவரும் பல் டாக்டரும் குடையோடு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் அவளைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டார். தான் கொன்ற ஆளிடமே போய் நிற்கிற சந்தர்ப்பம் எந்தக் கலைஞனுக்கும் அடிக்கடி வராது.

"நீங்க இத தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கம்மா" என்றார். "இது ஆவணம் இல்ல. வெளிப்பாடு. நான் காட்டுனது உங்க வீட்டுக்காரர இல்ல, மனித குலத்தோட தனிமைய."

"அப்ப மனித குலத்தோட பொண்டாட்டி செத்துட்டாங்கன்னு போட வேண்டியதுதான? நான் பல்லு வலின்னு வந்தா, வலிக்காத பல்லப் புடுங்கி வச்சுக்கிட்டு இது வெளிப்பாடும்மான்னு சொல்வீங்களா?"

டாக்டர் வாயைத் திறந்தார். அவர் ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் திறப்பது போலவே, பேச்சில்லாமல் திறந்துவைத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் பைகளைத் தடவி மிட்டாயைக் கண்டுபிடித்தார். "மாத்தச் சொன்னா மாத்திரலாம். ஆனா விழா மலர்ல அச்சாயிருச்சு பாருங்க. அச்சானது அச்சானதுதானேம்மா?"

"ரொம்ப சரி. அப்ப கவரையும் அச்சாபீஸ்லயே தச்சு வாங்கிக்கங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. சிறப்பு விருந்தினர் வெளியூர்லேர்ந்து வர்றாரு. முன்வரிசையில பஞ்சு தெரியுது."

"எனக்கு படத்த மாத்த வேணாம். பரிசையும் திருப்பித் தர வேணாம். அதே மேடை, அதே மைக்கு. இவரு ஏறி, என் பொண்டாட்டி உயிரோட இருக்கான்னு சொல்லணும். இவரு வாயால. வேற யாரு சொன்னாலும் செல்லாது."

எல்லாரும் சோபாக்காரரைப் பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரில் யாரோ ஒருவர் இறந்துதான் ஆக வேண்டும் என்றால் அது தானாகவே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறவரின் முகம் அது.

"நிகழ்ச்சி நிரல் நெருக்கமா இருக்கு" என்றார் தலைவர். "நன்றியுரைக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஒதுக்கலாம். என்ன, சொல்லிருவீங்களா?"

தலையாட்டல்.

"வாயால" என்றாள் கவர்க்காரம்மா.

"சொல்றேன்" என்றார். தொண்டையிலிருந்து துரு உதிர்ந்தது போல வந்தது.

அவள் மிஷின் மூடியைக் கழற்றினாள். கருஞ்சிவப்புத் துணி. ஓரத்துக்குக் கயிறு வைத்துத் தைக்க வேண்டும், மூலை ஒவ்வொன்றையும் உள்ளே வெட்டிவிட்டுத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் மாட்டும்போது சுருங்கும். அவள் கால் மிதிக்க மிதிக்க வீட்டுக்குள் பழைய சத்தம் திரும்ப ஓட ஆரம்பித்தது. அவர் முன்னறையில் பேச்சுப் பழகினார். "என் மனைவி... எனது மனைவியானவர்..." பழகுவதற்காக வாயில் ஆணி போடாமல் வேலை செய்தார். கை வாய்க்குப் போய் ஆணியைத் தேடி ஏமாந்து, சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் இரண்டு பேருக்குச் சோறு வைத்தாள். தட்டை அவர் பக்கம் நகர்த்தும்போது மட்டும், "இது சமாதானம் இல்ல. நீங்க மேடையில மயங்கி விழுந்தா எனக்குத்தான் கஷ்டம்" என்றாள்.

நிறைவு விழா ஜோராக நடந்தது. படத்தையும் நாற்காலியையும் மேடைக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டி, பிரித்த இருக்கையின் மேல் ஒரு வெள்ளைப் பூ. ஒரு வாரமாக அந்த நாற்காலியை ஊரே கொண்டாடியிருந்தது. வந்தவர்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள், கன்னத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், ஒரு நடுவர் அதன் முதுகில் தலைசாய்த்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாராம். கவர்க்காரம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நாத்தனார். அன்றைக்கு வீணாய்ப்போன அழுகைக்கு ஏதாவது ஈடு கிடைக்குமா என்று பார்க்க வந்திருந்தாள்.

"முன்வரிசை கவர் நல்லா வந்திருக்கு அண்ணி" என்றாள் மெதுவாக. "எனக்கும் இந்தக் கலர்ல தச்சிருக்கலாம்."

சிறப்பு விருந்தினர் அரங்குக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். இன்மை என்பது இருப்பின் இன்னொரு பெயர் என்று தொடங்கி, வெகு நேரம் கழித்து, இருப்பு என்பது இன்மையின் இன்னொரு பெயர் என்று முடித்தார். இறங்குமுன் கயிற்றைத் தாண்டிப் போய் நாற்காலியைக் கட்டி அணைத்துக்கொண்டார். அரங்கம் விம்மியது. முன்வரிசையில் ஆளாளுக்கு நெளிந்துகொண்டும் தோளை உலுக்கிக்கொண்டும் இருந்தார்கள். உணர்ச்சிப் பெருக்கு என்று தலைவர் டாக்டரிடம் சொன்னார்.

சோபாக்காரர் மேடை ஏறினார். மைக்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தலை தானாக ஆடத் தொடங்கியது. எல்லாரும் அவருடைய துக்கத்துக்கு மரியாதை கொடுத்து அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதி நீண்டுகொண்டே போயிற்று. கவர்க்காரம்மா சேலை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். இந்த மனுஷன் இறங்கிவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. இறங்கிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் தான் கதவுக்குப் பின்னால்தான் என்பதும் தெரிந்தது.

"ஆணிய எடுத்துட்டுப் பேசுங்க!"

கடைசி வரிசையிலிருந்து போன குரல். சோபாக்காரர் திடுக்கிட்டு, இல்லாத ஆணியைத் துப்பினார்.

"என் பொண்டாட்டி சாகல" என்றார். "அவ உயிரோடதான் இருக்கா."

உடனே கைதட்டல் வெடித்தது. முன்வரிசை முழுக்க எழுந்து நின்றது. சிறப்பு விருந்தினர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தொகுப்பாளர் தழுதழுத்து, "ஆம்! அவர் நெஞ்சில் அந்த அம்மையார் என்றென்றும் வாழ்கிறார்!" என்றார்.

"நெஞ்சுல இல்லீங்க. அதோ, பின்னாடி உக்காந்திருக்கா."

அவர் கைகாட்டிய திசையில் அரங்கமே திரும்பிப் பார்த்தது. ஈரக் கண்ணோடு, கவர்க்காரம்மாவின் தலைக்கு மேலே, வெளியே போகும் வழி என்று எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கைப் பார்த்தார்கள். சிலர் தலைகுனிந்தார்கள். நாத்தனாருக்கு இப்போது நன்றாக அழுகை வந்தது.

கவர்க்காரம்மா எழுந்தாள். நடுவழியில் நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்டுக் கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அவள் மேடைப் படி ஏறும்போது ஒன்றிரண்டு பேர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்களும் நிறுத்தினார்கள். "நான்தாங்க அது" என்று மைக் இல்லாமலே சொன்னாள். கயிற்றைத் தூக்கினாள். பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. ஓர் அழகான சாவைக் கெடுத்துவிட்டாள் என்கிற மனத்தாங்கல் அரங்கம் முழுக்கத் தெரிந்தது. தொகுப்பாளர் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அதில் இதற்கு இடமில்லை.

"ஏம்மா" என்று மேடைக்குக் கீழேயிருந்து பல் டாக்டர் தணிந்த குரலில் கூப்பிட்டார். கேமரா கையில் இருந்தது. "பரிசு வாங்குனவங்க எல்லாம் நாற்காலியோட ஒரு படம் எடுத்துக்கணும். கொஞ்சம் எந்திரிச்சுக்குங்க."

அவள் கைகள் நாற்காலிக் கையைப் பிடித்தன. பழக்கம். எழுந்திருக்கப் பாதி தயாராகிவிட்டாள்.

"எந்திரிக்க மாட்டா" என்றார் சோபாக்காரர்.

மைக்கில் சொல்லிவிட்டதால் அது வாசல்வரைக்கும் கேட்டது. சொன்னவரே யார் சொன்னது என்று பக்கத்தில் பார்த்தார். ஏன் மாட்டா என்ற அடுத்த கேள்விக்கு அவர் வாயைத் தயாராகத் திறந்து வைத்திருந்தார். ஆனால் யாரும் கேட்கவில்லை. தொகுப்பாளர், "அடுத்ததாக, நன்றியுரை" என்றார்.

மன்றம் மேடைக்குப் பின்னால் அவசரமாகக் கூடி, போட்டி விதிகளில் வெளிச்சம், கோணம், அளவு ஆகியவை பற்றித்தான் இருக்கிறதே தவிர யாரும் செத்திருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை, ஆகவே பரிசு செல்லும் என்று தீர்மானித்தது. நாற்காலியை மட்டும் உடனே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். வண்டி தரவில்லை.

அவர் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். அவள் பக்கத்தில் நடந்தாள். மழை விட்டு, தெருவெல்லாம் கழுவிவிட்டது போல இருந்தது. டீக்கடையில் ஞாயிறு அல்லாததால் டீயைச் சாதாரணமாக ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்ல. வாய் இருக்கு உங்களுக்கு" என்றாள்.

"ம்."

"ஏங்க, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு இந்த நாற்காலிய அப்படி உத்து உத்துப் பாத்தீங்களே. ஊரே அதப் பாத்துத்தான் உருகுச்சு. என்ன நெனச்சுக்கிட்டிருந்தீங்க?"

அவர் நடையை மெதுவாக்கினார். "உண்மையச் சொல்லணுமா?"

"ஆணிதான் இல்லயே வாயில."

"நீ எந்திரிச்சது நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்."

அவள் நின்றுவிட்டாள்.

"இல்ல, டீ குடிக்க அதுல போயி உக்காந்துட்டியா... எனக்குச் சொல்ல முடியல, வாயில ஆணி. டாக்டர் எந்திரிக்கச் சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரி நாற்காலி, உக்காந்தவங்க நெளியிறாங்கன்னு சொன்னாங்கல்ல. ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்துச்சு. அதான், உள்ள மூட்டப்பூச்சி இருக்குமோன்னு பாத்துக்கிட்டிருந்தேன். மருந்து அடிக்கிறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அவங்ககிட்ட சொல்லலயா?"

"எடுத்துட்டுப் போலாமான்னு கேட்டாங்க. தலையாட்டுனேன். பூச்சி இருக்கான்னு யாரும் கேக்கலயே."

கவர்க்காரம்மா முழங்கையைச் சொறிந்துகொண்டே யோசித்தாள். கன்னம் வைத்தவர்கள். தலைசாய்த்த நடுவர். கட்டி அணைத்த சிறப்பு விருந்தினர். தான் மூலை மூலையாக வெட்டித் திருப்பித் தைத்த புத்தம்புது முன்வரிசை. உதட்டைக் கடித்தும் சிரிப்பு நிற்கவில்லை.

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் எந்திரிக்க மாட்டான்னீங்க?"

"பூச்சியாவது ஒண்ணாவது. நீதான் உக்காந்துட்டியே."

அவள் சொறிவதை நிறுத்தினாள். பிறகு, "எறக்குங்க பாப்போம்" என்றாள். தெருவிளக்குக்குக் கீழே அவர் நாற்காலியை இறக்கி வைத்தார். இரண்டு பேரும் குனிந்து, ஆளுக்கொரு பக்கமாக இருக்கையின் ஓரத்தை விரித்துப் பார்த்தார்கள்.

மூட்டைப்பூச்சி இருந்தது.